செலவேயில்லாத சேவை

முதியோர் பராமரிப்புச் செலவு ஏறிக்கொண்டே போகிறதே என்று டெல்லி யோசிக்கத் தொடங்கும் முன்பே, எர்ணாகுளம் பக்கத்து மட்டாஞ்சேரி இசக்கிமுத்து அந்தச் செலவை ஒழித்துக்கட்டிவிட்டார். 2003-இல் தெருச் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அவரே அதை அறிவித்தார்.

"கார்ப்பரேஷன்ல ரிட்டயர் ஆன எங்கப்பா எட்டு வருஷமா படுக்கையில கிடக்காரு. ஒரு பைசா செலவில்லை. இதுதான் நம்ம பண்பாடு."

பண்பாடு அப்போது வீட்டில் அப்பா அய்யாசாமியின் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தது. அதன் பெயர் வீரலட்சுமி, இசக்கிமுத்துவின் மனைவி.

மறுமாதமே அவள் ஒரு ஹோம் நர்ஸ் ஏஜென்சியில் சேர்ந்து, தேவராவில் ஒரு மூதாட்டியின் வீட்டோடு தங்கி வேலை பார்க்கப் போய்விட்டாள். "இதே வேலைக்கு அங்க சம்பளம் தர்றாங்களாம்" என்று மட்டும் சொன்னாள். எந்த ஏஜென்சி என்று கேட்பது ஆண்மகனுக்கு இழுக்கு; ஆகவே இசக்கிமுத்து கேட்கவில்லை.

எர்ணாகுளத்தில் அனூப் என்பவர் நடத்திய ஏஜென்சியிலிருந்து அவரும் ஆள் அமர்த்தினார். சம்பளத்தைக் கேட்டதும் அவருக்கே ஒரு கட்டில் தேவைப்பட்டது. கொடுக்கிற காசு வீணாகக் கூடாதே என்று, வந்த பெண்களிடம் மீன் குழம்பு வைக்கவும் தன் வேட்டியைத் துவைக்கவும் "அன்போடு" கேட்டுக்கொண்டார். வந்த வேகத்தில் போனார்கள். அப்பா ஈர விரிப்பில் கிடந்தார். நாற்றம் தாங்காத மகன், பாவம், வாசலில் உட்கார்ந்து தேசத்துக்காகக் கவலைப்பட்டார்.

கடைசியில் அனூப்புக்குப் போன் போட்டார். "தமிழ் தெரிஞ்ச, பொறுமையான ஆளா அனுப்புங்க."

"ஒராள் உண்டு சேட்டா. எட்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ். பக்ஷே ரேட்டு கூடும்."

மறுநாள் வெள்ளைக் கோட்டோடு வாசலில் வந்து நின்றாள் வீரலட்சுமி.

"தேவரா அம்மச்சி மரிச்சுப் போச்சு. ஏஜென்சி இங்க அனுப்பிச்சு" என்றவள் நேரே உள்ளே போய், மாமனாரைப் புரட்டித் துடைத்து, விரிப்பை மாற்றினாள்.

இசக்கிமுத்துவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. பண்பாடு திரும்பிவிட்டது. "எனக்கொரு சாயா போடு" என்றார்.

"நோயாளிக்கு மட்டும்தான். ஏஜென்சி சட்டம்."

"நான் உன் புருஷன்டி."

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. அப்ப வந்து சொல்லுங்க."

நியாயம் கேட்டு அப்பாவிடம் திரும்பினார். "பாத்தீங்களாப்பா, எட்டு வருஷமா நம்ம வீட்ல இல்லாத செலவு இப்ப எங்கிருந்து வந்துச்சு?"

அய்யாசாமி குழறும் வாயால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அப்பவும் இருந்துச்சுடா. அதை அவ கட்டிக்கிட்டிருந்தா."