முத்துக்கிருஷ்ணன் ஆய்வுக்குத் தயாராகிறார்

ஆய்வுக்காரர் என்றோர் இனம் உண்டு. ஆய்வு செய்ய வருகிறவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் பாவம், பையைத் தூக்கிக்கொண்டு வருவார், காபி குடிப்பார், குறித்துக்கொண்டு போய்விடுவார். இங்கே பேச்சு, ஆய்வு வருகிறது என்று கேள்விப்பட்ட நிமிடத்தில் உயிர் பெற்று எழுகிற மனிதரைப் பற்றியது. வருஷத்தில் முந்நூற்றைம்பது நாள் இவர் எங்கே இருக்கிறார் என்று தேடவேண்டும். மிச்சமுள்ள பதினைந்து நாள் இவரிடமிருந்து எங்கே ஒளிவது என்று தேடவேண்டும். பள்ளிக்கூடத்தில் இருப்பார், பஞ்சாயத்து அலுவலகத்தில் இருப்பார், சத்துணவுக் கூடத்தில்கூட இருப்பார். ஆனால் இந்த இனம் செழித்துக் கொழிப்பது மருத்துவமனையில்தான்.

போடிநாயக்கனூரில் நாற்பது படுக்கையுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் தர மேலாளர் முத்துக்கிருஷ்ணன். பத்து வருஷம் அங்கேயே மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் வாங்கியே தீருவது என்று பெரிய டாக்டர் முடிவு செய்தபோது, எழுத்து அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இவரைத் தர மேலாளர் ஆக்கினார். அன்றிலிருந்து மனிதர் தரத்தை எழுத்திலேயே காத்துவந்தார்.

ஆய்வுக் குழு பதினெட்டாம் தேதி வருகிறது என்று மின்னஞ்சல் வந்தது. அவ்வளவுதான். கைகழுவும் தொட்டிக்கு மேலே ஏழு படங்கள், மாடிப்படியில் அம்புக்குறிகள், நோயாளியின் உரிமைகள் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, இடுக்கியிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்காக மலையாளத்தில் ஒன்று, மருத்துவக் கழிவு போடுகிற மஞ்சள் தொட்டிக்கு மேலே ‘மஞ்சள் தொட்டி’ என்று ஒன்று. லேமினேஷன் இயந்திரம் சூடு ஆறவே இல்லை. அந்தக் கட்டடத்தில் அவர் லேமினேஷன் போடாமல் விட்டது நோயாளிகளை மட்டும்தான்.

மருந்துக் குளிர்பெட்டியின் வெப்பநிலையை மூன்று மாதமாக யாரும் எழுதவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கலங்கினாரா? ஒரே மாலையில் நான்கு பேனாக்களை மாற்றி மாற்றிப் பிடித்து, தொண்ணூறு நாளுக்கும் ‘நான்கு டிகிரி’ என்று நிரப்பினார். பெருங்காற்றில் மரம் விழுந்து ஊர் முழுக்கப் பகலெல்லாம் மின்சாரம் இல்லாமல் கிடந்த நாளுக்கும் நான்கு டிகிரிதான். தொற்றுத் தடுப்புக் குழு கூடவே இல்லை. ஆனால் அது ஆறு முறை கூடி, காரசாரமாக விவாதித்து, நன்றி சொல்லிக் கலைந்ததற்கு அழகான கையெழுத்தில் சான்று தயாரானது.

அடுத்தது பயிற்சி. தரை துடைக்கும் முனியாயியைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“ஆத்தா, தரையில ரத்தம் சிந்திருச்சு. என்ன செய்வீங்க?”

“தொடச்சிருவேன்.”

“அப்படிச் சொல்லக் கூடாது. ‘கையுறை அணிவேன். சிந்தல் கட்டுப்பாட்டுப் பெட்டியை எடுப்பேன். மருந்து ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருப்பேன்’. இப்படிச் சொல்லணும்.”

“இதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ரத்தம் காஞ்சு போயிருமே அப்பு.”

“அப்ப ஆஸ்பத்திரியோட தொலைநோக்கு என்னன்னு கேட்டா?”

முனியாயி கண்ணை மூடிக்கொண்டு, “கனிவான, தரமான, பாதுகாப்பான சேவை” என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். முத்துக்கிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாம் சரி. அவசர சிகிச்சை டிராலியில்தான் சிக்கல். உயிருக்கு ஆபத்து என்று வருகிறவர்களுக்கு உடனே கொடுக்க வேண்டிய மருந்தும் ஊசியும் அதன் இழுப்பறைகளில் இருக்கும். முத்துக்கிருஷ்ணன் எண்ணிப் பட்டியல் போடுவார். மறுநாள் பார்த்தால் இரண்டு சிரிஞ்சு குறையும். ஆஸ்பத்திரி என்றால் சிரிஞ்சு குறையத்தானே செய்யும்? அதை யார் அவருக்குச் சொல்வது? ஆய்வுக்கு முந்தின நாள் சாயங்காலம், டிராலியின் குறுக்குக் கம்பியில் ஒரு பித்தளைப் பூட்டைப் போட்டுப் பூட்டினார்.

தலைமைச் செவிலியர் சூர்யகலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அண்ணே, அவசர டிராலிய யாராச்சும் பூட்டுவாங்களா?”

“ஒரு நாளைக்குத்தான் சிஸ்டர். நீங்க ஒண்ணு எடுத்தா லிஸ்ட்டு ஒத்துவராது. சாவி எங்கிட்டதான இருக்கு, நானும் இங்கனதான இருக்கேன்!”

பதினெட்டாம் தேதி விடிந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் இருவர். மூத்தவர் டாக்டர் பானுப்பிரியா. அதிகம் பேசாமல், பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொள்கிற பெண்மணி. முத்துக்கிருஷ்ணன் புது முழுக்கால் சட்டை போட்டு, அவருக்கு அரை அடி முன்னால் நடந்து, கதவுகளைத் திறந்துவிட்டுக்கொண்டே போனார். பதினோரு மணிவரை கல்யாண வீடு போல எல்லாம் ஒழுங்காக நடந்தது.

அப்போது வாசலில் ஒரு ஜீப்பு வந்து அலறிக்கொண்டு நின்றது.

போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த கருப்பம்மாளை மலைத்தேனீக்கள் கொட்டியிருந்தன. முகம் வீங்கிக் கண் இடுங்கி, மூச்சு விசிலடித்தது. ஜீப்பு ஓட்டி வந்த தங்கபாண்டி அவரைத் தோளில் தாங்கியபடி உள்ளே ஓடிவந்தார்.

“பாதி மல எறங்கையிலதான் மூச்சு இழுக்க ஆரம்பிச்சுச்சு. பதினேழு வளைவையும் எப்படி எறங்குனேன்னே தெரியல. வெரசாப் பாருங்க சார்!”

முத்துக்கிருஷ்ணன் அவர் முன்னால் போய் நின்றார். பதினைந்து நாளாகப் பயின்ற வாய், தன் போக்கில் பேசியது: “நோயாளி பேரு, வயசு? முதல் மதிப்பீட்டுப் படிவத்துல...”

“மூச்சே நிக்கப்போகுது, படிவமா கேக்குறீக?”

பணி மருத்துவர் ஜெகதீஷ் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். “அலர்ஜி. அட்ரினலின், உடனே!” சூர்யகலா டிராலியை இழுத்தார். பித்தளைப் பூட்டு டங்கென்று ஆடியது.

“அண்ணே, சாவி!”

முத்துக்கிருஷ்ணன் வலது பையில் கைவிட்டார். இடது பையில் விட்டார். பின்பையைத் தட்டினார். மேல்சட்டைப் பையைத் தட்டினார். சாவி அவரிடம்தான் இருந்தது. நேற்றுப் போட்டிருந்த பழைய முழுக்கால் சட்டையில், அவர் வீட்டுக் கொடியில்.

கட்டிலில் கருப்பம்மாளின் கை காற்றைப் பிடிப்பதுபோல் எதையோ தேடியது. அருகே நின்றிருந்த முத்துக்கிருஷ்ணனின் விரலைப் பிடித்துக்கொண்டது. ஏலக்காய்ச் சாறு பட்டுக் கறுத்துப்போயிருந்த விரல்கள். அந்தப் பிடி தளர்வது அவருக்குத் தெரிந்தது. பட்டியல், படிவம், தொலைநோக்கு எல்லாம் அவர் தலையிலிருந்து ஒரே நொடியில் வடிந்துபோயின. விரலை மெல்ல விடுவித்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைப் பிடுங்கினார். அதன் கழுத்தில் தொங்கிய ‘தீ விபத்துக்கு மட்டும்’ என்ற அட்டை, அவர் கைப்பட எழுதி லேமினேஷன் போட்டது, கிழிந்து பறந்தது. உருளையைத் தலைக்கு மேல் தூக்கி ஓர் அடி. இன்னோர் அடி. மூன்றாவதில் பூட்டும் விழுந்தது, டிராலியின் கம்பியும் விழுந்தது.

சூர்யகலா ஊசியை எடுத்து நிறைத்து, ஜெகதீஷ் சொன்ன அளவைத் தொடையில் போட்டார். ஆக்ஸிஜன் வைத்தார்கள். கையில் ஊசி குத்திச் சலைன் ஏற்றினார்கள். சில நிமிடங்களில் விசில் சத்தம் தணிந்தது. கருப்பம்மாள் ஒரு கண்ணைக் கொஞ்சம் திறந்து, “என் காய்க்கூடை எங்க?” என்று கேட்டார். தங்கபாண்டி தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

டாக்டர் பானுப்பிரியா ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். குனிந்து பூட்டை எடுத்தார்.

“இதைப் போட்டது யார்?”

தரை துடைக்க வந்த முனியாயி, எப்படியாவது நிலைமையைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று, “கனிவான, தரமான, பாதுகாப்பான சேவை” என்று ஆரம்பித்தார்.

“நான்தான் மேடம்,” என்றார் முத்துக்கிருஷ்ணன். பதினைந்து நாளில் அவர் சொன்ன, ஒத்திகை பார்க்காத முதல் பதில் அது. சொன்னதும் மனசு லேசாகிப்போக, நிறுத்த முடியவில்லை. “குளிர்பெட்டிப் பதிவேட்டையும் பாக்காதீங்க மேடம். அதுவும் நான்தான். ஆறு கூட்டமும் நான்தான்.”

பெரிய டாக்டர் நெற்றியில் கைவைத்தார். டாக்டர் பானுப்பிரியா நெடுநேரம் எழுதினார். அந்த முறை சான்றிதழ் கிடைக்கவில்லை. திருத்திக்கொள்ள ஆறு மாத அவகாசம் கிடைத்தது. புறப்படும்போது முத்துக்கிருஷ்ணனிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “நாலு டிகிரின்னு எழுதாதீங்க. எத்தனை டிகிரியோ அதை எழுதுங்க.”

மறுநாளே எழுதினார். பதினோரு டிகிரி. எட்டைத் தாண்டவே கூடாத பெட்டி அது. அடுத்த நாளும் பதினொன்று. அப்படி எழுதியதால்தான் சூர்யகலா பெட்டியைத் திறந்து பார்த்தார். கதவு ரப்பர் கிழிந்திருந்தது. உள்ளே இருந்த தடுப்பூசி மருந்தையும் இன்சுலினையும் ஒதுக்கிவைத்துப் புதிதாக வரவழைத்தார்கள். வெறும் எண்ணை உள்ளபடி எழுதினால் அது ஊருக்கே நல்லது செய்யும் என்பது முத்துக்கிருஷ்ணனுக்கு அன்றுதான் தெரிந்தது. மூன்று நாள் அதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தொற்றுத் தடுப்புக் குழுவும் முதன்முறையாக நிஜமாகவே கூடியது. யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. நல்ல சண்டை நடந்தது.

ஆறு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது. மனிதர் அடியோடு மாறிவிட்டாரா என்றால், அப்படியும் சொல்வதற்கில்லை. இரண்டாம் ஆய்வுக்கு முந்தின வாரம் லேமினேஷன் இயந்திரத்தின் பக்கம் அவர் இரண்டு முறை போய்வந்ததாகச் செவிலியர்கள் பேசிக்கொண்டார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் காபிக்குச் சர்க்கரை போடாமல், இனிப்புக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல், சாயங்காலம் விறுவிறுவென்று நடைபோட்டு, மூன்றாம் நாள் நல்ல எண்ணோடு வீடு திரும்பி, அந்தச் சந்தோஷத்தில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிய ஒருவரை உங்களுக்குத் தெரியும்தானே? மூன்று மாதச் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கிற பரிசோதனை ஒன்றும் இருக்கிறது. உங்கள் டாக்டர் அதைத்தான் அடுத்த முறை எழுதித் தரப்போகிறார்.