பட்டியலில் இல்லாத பாயசம்

மச்சினன் வீட்டு வாசற்படியை இனி மிதிப்பதில்லை என்று சாரம் கிருஷ்ணசாமி சபதம் எடுத்தது ஒரு டம்ளர் பாயசத்துக்காக. அரியாங்குப்பத்தில் மச்சினன் மருமகளுக்கு நடந்த வளைகாப்பில் அவரைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். பாயச வாளி அவர் இலைக்கு வந்தபோது கரண்டி வெறும் அடியைச் சுரண்டியது. வேலை பார்த்த மில்லை மூடினபோதுகூட மனுஷன் அவ்வளவு கலங்கவில்லை.

இப்போது அந்த மச்சினன் அரிகிருஷ்ணன் மகளுக்குக் கல்யாணம். வருகிறவர்கள் போனிலேயே விவரம் நிரப்பி அனுப்பும்படி ஏற்பாடு. கிருஷ்ணசாமிக்குப் போன் பிடிபடாது. மனைவி ஜெயம்தான் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வர்றீங்களா இல்லியான்னு கேக்குதுங்க."

"இல்லைன்னு போடு."

கட்டத்தைத் தொட்டாள். பதில்கள் வரிசையாக இறங்கின. 'வரவில்லை' என்பதைத் தொட்டதும் கீழே இன்னொரு கட்டம் முளைத்தது. காரணம் வேண்டுமாம்.

"வெளியூரு, ஒடம்பு சரியில்ல, லீவு கெடைக்கல. மூணுதான் இருக்கு."

"பாயசம்னு இல்லியா?"

"இல்ல."

"அப்ப காலியா உடு."

"காலியா உட்டா போவ மாட்டேங்குது. செவப்பா எழுதிக் காட்டுது."

வெளியூர் என்று போட்டால் சாரத்துத் தெருவில் யாராவது பார்த்துவிடுவார்கள். மில்லே மூடின பிறகு யார் லீவு தருவது? உடம்பு சரியில்லை என்று போட்டால் மச்சினன் சாத்துக்குடியோடு வந்து நிற்பான். கிருஷ்ணசாமி யோசித்து யோசித்து ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார்.

"புதுசா தெற. எதையும் தொடாத. வந்தது வந்தபடி அனுப்பு. நான் வாயே தெறக்கலைன்னு அவனுக்கு ஒறைக்கட்டும்."

"ஒண்ணுமே தொட வேணாமா?"

"தொட்டா பாரு."

ஜெயம் அடியிலிருந்த பச்சைப் பொத்தானை மட்டும் அமுக்கினாள். கிருஷ்ணசாமி வெற்றியோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

டீ ஆறுவதற்குள் மச்சினன் போன் அடித்தான். குரல் தழுதழுத்தது. "பெரிய மனசு மாமா உங்களுக்கு. குடும்பத்தோட வர்றோம்னு அனுப்பிட்டீங்களே."

கிருஷ்ணசாமி பெண்டாட்டியைப் பார்த்தார். தொடாமல் விட்டால் மேலே முதலில் இருப்பதுதான் போய்ச் சேரும் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். எதை முதலில் வைப்பது என்று அதைத் தயார் செய்த, அவள் தம்பி அரிகிருஷ்ணனின் மகன் கேட்டானாம். சொன்னது இவள்தானாம்.

மனுஷன் டீ டம்ளரை நகர்த்தி வைத்தார். "சரி, போய்த் தொலைவோம். இந்த வாட்டி மொதப் பந்தி."

"அது முடியாதுங்க. கல்யாணத்துல என்ன வேலை எடுத்துக்கறீங்கன்னு கீழ இன்னொரு கட்டம் இருந்துச்சு. அதையும்தான் தொடக் கூடாதுன்னுட்டீங்க."

"அதுல மொதல்ல என்ன இருந்துச்சு?"

"பாயசம் பரிமாறுறது. பரிமாறுறவங்களுக்குக் கடைசிப் பந்திதாங்க."