மாநாட்டுக்குப் போகிற ஆள்

கட்சியின் தேசிய மாநாட்டுக்குப் போகிறவருக்கு முதலில் என்ன வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? கொள்கையா? பேச்சா? என் வீட்டுக்காரரைக் கேட்டால் சட்டை என்பார். அவர் பெண்கள் துணி தைக்கிற தையல்காரர். மாநாட்டுத் தேதி வந்ததும் வாடிக்கைத் துணியை எல்லாம் மூலையில் குவித்துவிட்டு, தனக்கு ஒரு வெள்ளைச் சட்டை வெட்ட உட்கார்ந்துவிட்டார்.

"கிளைக்கு ஒருத்தர்தானே போகலாம்? உங்களை இன்னும் தேர்ந்தெடுக்கவே இல்லையே!"

"எங்க குடும்பத்தை விட்டா வேற யாருடி போயிருக்கா?"

உண்மைதான். எனக்கும் அதில் பெருமைதான். முதலில் போனவர் என் மாமனார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "எங்க தெருவுக்குக் குழாய் எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். குழாய் வந்தது. அடுத்து இவருடைய அண்ணன் போனார். மேடை எவ்வளவு உயரம் என்று வந்து சொன்னார். போன தடவை இவர் போனார். சாப்பாட்டுப் பந்தலைப் பற்றி இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

இந்தத் தடவை ஒரு சிக்கல். முடிவெட்டுகிற கடைக்காரரும் போட்டிக்குக் கிளம்பிவிட்டார். தெருவில் உள்ள ஆம்பளைத் தலை எல்லாம் அவர் கத்தரிக்குக் கீழேதான்.

"ஆம்பளைங்க ஓட்டு அவனுக்குன்னா பொம்பளைங்க ஓட்டு எனக்கு. எல்லாரையும் கட்சியில சேர்த்துவிடு. நீ சொன்னா கேப்பாங்க."

"நானும் சேரணுமா?"

"சேரு, சேரு. ஒரு கை கூடுதல்!"

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் பேக்கரிக்கார அக்கா.

"உன் புருஷனுக்கா ஓட்டு? என் துணி எப்பத் தருவாராம்?"

"நாளைக்குன்னு சொன்னாருக்கா."

"எப்பக் கேட்டாலும் நாளைக்கு! அங்க போயி நமக்காக என்னத்தைக் கேப்பாராம்?"

"அது தெரியலக்கா. நானா இருந்தா, வேலைக்குப் போற அம்மாங்க பிள்ளையை விட்டுட்டுப் போக ஒரு காப்பகம் கேப்பேன். இவனை இடுப்புல வெச்சுக்கிட்டு நான் எந்த வேலைக்குப் போறது?"

அக்கா மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "இதையே அடுத்த வீட்லயும் சொல்லு" என்றாள். சொன்னேன். அடுத்த தெருவிலும் சொன்னேன்.

சாயங்காலம் இவர் கேட்டார், "கை தூக்குவாங்களா?"

"ஒருத்தர் விடாம தூக்குவாங்க."

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை.

கிளைக் கூட்டம் வந்தது. எங்கள் கிளையில் ஒரு வழக்கம். போட்டிக்கு நிற்கிறவர் முகத்தைப் பார்த்து யாரும் கூச்சப்படக் கூடாது என்று, அவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கை தூக்கச் சொல்வார்கள். இவரும் முடிவெட்டுகிறவரும் வாசலுக்குப் போனார்கள்.

"வேற யாராவது?" என்றார் செயலாளர்.

"இதோ, இவ!" என்று பேக்கரிக்கார அக்கா என்னைப் பிடித்துத் தள்ளினாள். பிள்ளையோடு பின்வாசலுக்குப் போனேன். கதவு இடுக்கில் பார்த்தேன்.

"பெண்களுக்கு முதலிடம்" என்று செயலாளர் என் பேரைத்தான் முதலில் எடுத்தார். முதலில் எழுந்த கை என் மாமனாருடையது. அப்புறம் சரசரவென்று அறை முழுக்கக் கைகள். நேற்றுத்தான் முடி வெட்டிக்கொண்ட தலைகளுக்கு மேலேயும் சில கைகள்!

வாசல் ஜன்னல் வழியாக இவர் அதைப் பார்த்துவிட்டார்; யார் பேர் என்பது மட்டும் காதில் விழவில்லை. பெண்கள் எல்லாரும் கை தூக்கியிருந்தால் அது யாருக்கு? முடிவெட்டுகிறவரே தோற்றுவிட்டதாக நினைத்து இவருக்குக் கைகொடுத்தார். இவர் கும்பிட்டபடியே உள்ளே வந்தார்.

"என்மேல நீங்க வெச்ச நம்பிக்கைக்கு..."

"கொஞ்சம் வெளிய இருங்க தம்பி. உங்க பேருக்கு இன்னும் வரவே இல்லை" என்றார் செயலாளர்.

"அப்ப இவ்வளவு கையும்?"

"உன் பொண்டாட்டிக்குடா!" என்றார் மாமனார். பின்வாசலில் நின்ற எனக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "நான் குழாய் கேட்டேன். என் மருமக காப்பகம் கேக்கப் போறா. நம்ம வீட்டு ஆளுதான் போகுது, நிமிர்ந்து நில்லு!"

எனக்கு ஒரு முழம் உயரம் கூடின மாதிரி இருந்தது. இவருக்கு அதே ஒரு முழம் குறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் இவர் அளவு நாடாவைச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். கடைசியில் பக்கத்தில் வந்து, மடியில் இருந்த பிள்ளையை மெல்லத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, நீ மைக்குல பேசறப்ப இவனைத் தூக்கி வெச்சுக்க ஒரு ஆள் வேணுமில்ல? என்னையும் கூட்டிட்டுப் போயேன்."