வேட்டியில் பாதி கேட்ட வெங்கலம்

எங்கள் பக்கம் மைக் இல்லாமல் நாலு ஊருக்குக் கேட்ட சத்தம் இரண்டுதான். ஒன்று இடி. இன்னொன்று வெங்கலத்தம்மா. இதில் இடியை நம்ப முடியாது. வந்தால் வரும். வெங்கலம் சொன்ன தேதிக்கு வந்துவிடும்.

நான் மைக் செட்டுக்காரன். கடை அருப்புக்கோட்டையில். அறுபதுகளில் திருச்சுழி, நரிக்குடி என்று நாடகம் நடந்த ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கிக் குழாய் கட்டப் போவேன். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அந்த அம்மாவுக்கு வேறு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. புராண நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி. ராணி, குறத்தி, பதிவிரதை எல்லாம் அவர்தான். வெங்கலப் பானையைத் தட்டியது போலக் குரல். மைக்கைக் கண்டால் ஆகாது.

"ஏலே மைக்கு, எனக்கு முன்னால என்னத்துக்கு இந்தக் கம்பிய நட்டு வச்சிருக்க?"

"ஊர்க்காரவுக வைக்கச் சொன்னாகக்கா."

"வச்சுக்க. சுவிச்சப் போட்டேன்னா எந்திரிச்சுப் போயிருவேன்."

போட மாட்டேன். அவர் அதில் தன் வெற்றிலைப் பையைத் தொங்கவிட்டுக்கொள்வார். ராணி நாடிழந்து காட்டுக்குப் போவாள். பை அங்கேயே தொங்கும்.

எம்.ரெட்டியபட்டியில் தினைக்காட்டுக் குறத்தி வேஷம். குருவி விரட்டிப் பாட வேண்டும். பாடினார். மேடைக்குப் பின்னால் புளியமரத்தில் அடைந்திருந்த காக்காய் மொத்தமும் எழுந்து பறந்தது. காலையில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி ஒருவர் வந்து நின்றார்.

"தாயி, நம்ம சோளக்காட்டுல ஒரு பாட்டு பாடிட்டுப் போங்க. கருது பூரா குருவி திங்கிது."

போனார். பாடினார். குருவி போனதோ இல்லையோ, பக்கத்துக் காட்டில் பருத்தி எடுத்த பொம்பளைகள் வேலையைப் போட்டுவிட்டு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். பருத்திக்காட்டுக்காரர் ஓடி வந்து கும்பிட்டு, பஸ் ஏற்றிவிட்டார்.

அந்த நாடகங்களுக்கு ஒத்திகை கிடையாது. நடிகர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து இறங்குவார்கள். மேடையில்தான் முகம் பார்ப்பார்கள். கதை எல்லாருக்கும் தெரியும். பேச்சு அவரவர் பாடு. ஒருவர் கேள்வி போட்டால் அடுத்தவர் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஊர் சிரிக்கும். தர்க்கம் என்று அதற்குப் பெயர்.

தர்க்கத்தில் அந்த அம்மா தோற்றதில்லை. அதுதான் தொல்லை. கதைப்படி வேடன் குறத்தியை ஜெயித்துத் தாலி கட்ட வேண்டும். நரிக்குடியில் ஒரு தடவை வேடன் வேஷக்காரர் பதில் தெரியாமல் நின்றார். பொழுது விடிந்துவிட்டது. தாலியைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினார்.

"யக்கா, மொத பஸ்ஸு போயிரும். கட்டிக்கங்க."

"பதிலச் சொல்லு. கட்டிக்கிறேன்."

பஸ் போய்விட்டது. வேடன் அடுத்த பஸ்ஸில் போனார்.

எழுபதுகளில் காற்று மாறியது. டவுனில் சமூக நாடகம் வந்தது. நாடகங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட் ஒருவர், என் கடையில் வைத்தே அந்த அம்மாவிடம் சொன்னார்.

"ஒங்களுக்கு வயசாயிருச்சும்மா. இனி ஸ்திரீபார்ட்டுக்கு யாரும் கூப்பிட மாட்டாக. மில்லுக்காரப் பயலுக ஒரு சமூக நாடகம் போடுறாக. ஆத்தா வேஷம். ரெண்டாவது சீன்ல செத்துருவீக. இதுல நின்னு காட்டுங்க. இல்லன்னா பங்குனிக்கு ஒங்களுக்கு ஒரு ஊர்லயும் மேடை கெடையாது."

பங்குனி, சித்திரைதான் நாடகக்காரர்களுக்கு அறுவடை. அந்த அம்மா வெற்றிலையை மென்று முடித்தார்.

"சாகத்தான. செத்துக் காட்டுறேன்."

நாடகத்தின் பெயர் 'கழிவுப் பஞ்சு'. எழுதியவர் மில் கிளார்க். முதலாளி வேஷமும் அவரே. ஒத்திகைக்குக் கூப்பிட்டார். அம்மா போனார், உட்கார்ந்தார், வசனம் பேச மறுத்துவிட்டார்.

"இங்கயே பேசிட்டா மேடையில என்னத்தப் பேச? கதையச் சொல்லுங்க, போதும்."

சொன்னார்கள். மகனுக்கு வேலை போகிறது. தாய் முதலாளியிடம் போய் அழுகிறாள். அவர் விரட்டுகிறார். அவள் அங்கேயே விழுந்து சாகிறாள். மகன் சபதம் போடுகிறான். பிறகு வேலைநிறுத்தம், கோர்ட், ஜெயில் என்று கதை போகும்.

சாயங்காலம் மைதானத்தில் நாடகம். ஏஜெண்ட் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது சீன். அம்மா அழுதார். கூட்டம் மூக்கைச் சிந்தியது. கிளார்க் கையை நீட்டி முழங்கினார்.

"என் ஆலையில் உன் மகனுக்கு என்ன உரிமை? சொல், என்ன உரிமை?"

இந்த இடத்தில் அம்மா சாக வேண்டும். ஆனால் இவர் கேள்வி கேட்டுவிட்டார்.

அம்மா அழுகையை நிறுத்தினார். முந்தானையை இழுத்துச் செருகினார். எனக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லாக் கேட்டீக மொதலாளி. நீங்க கட்டியிருக்கிற வேட்டி எந்த நூலு?"

கிளார்க் திரைப்பக்கம் பார்த்தார். "என்... என் ஆலை நூல்."

"ஆலையில மிசினுக்குப் பஞ்சு ஊட்டுனது யாரு?"

"உன் மகன்."

"பெறகென்ன. பாதி வேட்டி எம் மவன்து. அவுத்துக் குடுங்க, நான் பாட்டுக்குப் போறேன்."

மைதானம் எழுந்து நின்றது. கிளார்க் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்கிறவர் தவித்தார்.

"செத்துருங்கம்மா, செத்துருங்க."

அம்மா அந்தப் பக்கம் திரும்பினார்.

"இருங்கப்பா. கேள்விக்குப் பதில் சொல்லாம எப்பிடிச் சாகுறது?"

இது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. கிளார்க் வாயிலிருந்து, அவர் எழுதாத வசனம் ஒன்று வந்தது.

"நாளைக்கு ஒம் மவன வேலைக்கு வரச் சொல்லு, தாயி."

கதை முடிந்தது. வேலைநிறுத்தம் இல்லை. ஜெயில் இல்லை. போலீஸ் உடுப்பு மாட்டியவர்கள் பின்னால் நின்றபடி நின்றார்கள். சபதம் போட வந்த மகன், ஆத்தா உயிரோடு நிற்பதைப் பார்த்துவிட்டுக் காலில் விழுந்தான். விசில் ஓய நேரமானது. மில் ஆட்கள் அந்த அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனார்கள். ஏஜெண்ட் என்னிடம் வந்தார்.

"பங்குனியில அவுகளுக்கு எந்தத் தேதி காலின்னு கேட்டுச் சொல்லு."

கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லுலே."

கிளார்க் கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு அந்தத் தர்க்கத்தை அப்படியே எழுதிச் சேர்த்தார். சாவை வெட்டினார். அந்த நாடகம் போகாத ஊர் இல்லை. அந்த அம்மா பங்குனியில் ராணி, மற்ற மாதங்களில் மில் தொழிலாளி, வக்கீல், பஞ்சாயத்துத் தலைவி. எதிலும் சாகவில்லை. சமூக நாடகம் எழுதுகிறவர்கள், அவர் முன்னால் கேள்விக்குறி போடப் பயந்தார்கள்.

எழுபதுகளின் கடைசியில் திருச்சுழியில் ஒரு நாடகம். வெங்கலத்தில் கீறல் விழுந்திருந்தது. பின்னால் இருந்தவர்கள் காதை மடக்கிக் கேட்டார்கள். நான் சுவிட்சைப் போட்டேன். சத்தத்தைக் கொஞ்சமாகத்தான் வைத்தேன்.

முடிந்ததும் பையை எடுக்க வந்தார்.

"ஏலே மைக்கு, இன்னிக்குத் தொண்டை எப்பிடி?"

"கம்மாக் கரை வரைக்கும் கேட்டுச்சுக்கா."

மைக் ஓடினால் என் பெட்டியில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அடுத்த ஊரில் வெற்றிலைப் பையை மைக்கில் தொங்கவிடவில்லை. என் கையில் கொடுத்துவிட்டு மேடை ஏறினார்.