மாடிக்குப் போன ஃப்ரிட்ஜ்

ஃப்ரிட்ஜ் படிக்கட்டின் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அதன் தலைப்பக்கத்தை மேல்வீட்டு நர்ஸ் பிடித்திருந்தாள். கால்பக்கத்தை, பாரம் முழுவதையும் சேர்த்து, லிஃப்ட் மெக்கானிக் தாங்கிக்கொண்டிருந்தார்.

ஊரில் உள்ள உயரமான கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் பொருத்திக் கொடுப்பவர் அவர். குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் முதல் மாடியில். இதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். இன்று காலை மட்டும் சிரிப்பு வரவில்லை.

"கொஞ்சம் உங்க பக்கம் சாய்ங்கண்ணே," என்றாள் நர்ஸ்.

"இதுக்கு மேல சாஞ்சா நான் கீழ, அது மேல, சிஸ்டர்."

வீட்டு வாசலில் நின்றிருந்த அவர் மனைவி சொன்னாள்: "கதவைக் கழட்டிட்டுத் தூக்கலாம்னு நான் அப்பவே சொன்னேன்."

"எப்ப சொன்ன?"

"மனசுக்குள்ள சொன்னேன். வெளியில சொன்னா மட்டும் கேட்டுடப் போறீங்களா?"

கதவைக் கழற்றினார்கள். ஃப்ரிட்ஜ் திரும்பியது.

இவ்வளவு பாடும் மகளுக்காக. அவள் கல்லூரியில் உயிரியல் படிக்கிறாள். வகுப்பில் முதலிடம். ஓர் அறக்கட்டளை கொடுக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தாள். கிடைத்தால் மேல்படிப்புச் செலவு முழுவதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். விடுமுறையில் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை கற்றுக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால்? "அம்மா வேலை பாக்குற மெடிக்கல் ஷாப்புல எனக்கும் ஒரு ஸ்டூல் போடச் சொல்லிடலாம்," என்று போன வாரம் மகள் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தமே இல்லை. அதுதான் மெக்கானிக்கின் தூக்கத்தைக் கெடுத்தது.

நேற்று மாலை அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள் என்றார்கள். செய்முறைத் தேர்வுக்குக் கிளம்பும்போது மகள் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"அப்பா, யாரோ வந்து வீட்டைப் பாத்துட்டுப் போவாங்க. டீ குடுங்க. அவ்வளவுதான். எதையும் மாத்தாதீங்க."

அவள் படியிறங்கியதும் மெக்கானிக் மனைவியைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் மாத்தணும்."

"இது மார்க்குக்குக் குடுக்கிற பணம்னு அவ சொன்னாளே?"

"மார்க்குக்குன்னா வீட்டை எதுக்குப் பாக்கணும்? மார்க் என்ன நம்ம வீட்டுச் செவுத்துலயா ஒட்டியிருக்கு? எங்க கம்பெனி எலக்ட்ரீஷியனோட பையனுக்கு என்னாச்சு தெரியுமில்ல? வந்தவர் வீட்டுல ஏசியைப் பாத்தாராம். டீயைக்கூடக் குடிக்காம எழுந்து போயிட்டாராம்."

"நம்ம வீட்டுல ஏசி இல்லையே."

"டிவி இருக்கு. சோபா இருக்கு. ஒரு வாட்டி சுத்திப் பாரு, நாம எவ்வளவு வசதியா இருக்கோம்னு நமக்கே இப்பத்தான் தெரியுது."

டிவியை மட்டும் ஒரு நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கத்தான் அவர் மேல்வீட்டுக்குப் போனார். நர்ஸ் இரவு வேலை முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளறையில் அவள் மகன் போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தான். அவனும் அதே கல்லூரிதான். அவன் விழித்திருக்கும்போது மெக்கானிக் பார்த்ததே அபூர்வம்.

விஷயத்தைக் கேட்டதும் நர்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டிவியை யாருண்ணே பாக்கப் போறா? அதைக் கட்டிலுக்கு அடியில தள்ளிடுங்க. உள்ளே நுழைஞ்சதும் கண்ணுல அடிக்கிறது ஃப்ரிட்ஜ்தான். அதை முதல்ல மேல கொண்டு வாங்க."

"ஃப்ரிட்ஜா? அதைப் போயி எப்படி சிஸ்டர்..."

"நான் ஒரு கை பிடிக்கிறேன். உங்க பொண்ணு எனக்கும் பொண்ணு மாதிரிதானே?"

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவள், அடுத்த வீட்டுப் பெண்ணுக்காக ஃப்ரிட்ஜ் தூக்குகிறேன் என்கிறாள்!

தூக்கினாள். கதவைக் கழற்றி, திருப்பத்தைத் தாண்டி, மேலே போனதும் அதை எங்கே வைப்பது என்பதில்கூட அவள் அக்கறை காட்டினாள். மூலையில் வைக்கப்போனவரைத் தடுத்து, வாசலுக்கு நேரே, சமையலறைப் பக்கமாக வைக்கச் சொன்னாள். கதவை மாட்ட வைத்தாள். ஈரத் துணியால் துடைத்தாள்.

"ப்ளக்கையும் போட்டுடறேன்ணே. சும்மா நின்னா கெட்டுப்போயிடும்."

"தாராளமா, சிஸ்டர்."

"அந்தப் படிக்கிற மேசை ஒண்ணு இருக்கே, அதையும் குடுத்துடுங்க. அதைப் பாத்தாலே வசதியான வீடுன்னு தெரிஞ்சிடும். அந்த டேபிள் லேம்ப்பையும்."

மேசையும் விளக்கும் போயின. சோபாவுக்கு மட்டும் இடமில்லை என்று நர்ஸ் கைவிரித்துவிட்டாள். அதைப் புருஷனும் பெண்சாதியுமாகக் கீழே இறக்கி, கட்டட வாசலில் போட்டு, மேலே ஒரு பழைய போர்வையை மூடினார்கள்.

திரும்பி வந்து பார்த்தால் இன்னொரு சிக்கல். ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில் சுவர் புத்தம் புதிதாக இருந்தது. மற்ற இடமெல்லாம் புகையும் எண்ணெயும் பட்டு மங்கியிருக்க, அங்கே மட்டும் ஃப்ரிட்ஜ் அளவுக்கு, ஃப்ரிட்ஜ் உயரத்துக்கு, வெள்ளை வெளேரென்று ஒரு கட்டம்.

"ஃப்ரிட்ஜே நின்னிருக்கலாம்," என்றாள் மனைவி. "இது அதை விட நல்லாத் தெரியுது."

மெக்கானிக் மிச்சமிருந்த டீயை எடுத்துத் துணியில் நனைத்துப் பூசினார். கட்டம் மறைந்தது. அதற்குப் பதிலாக, கூரை முதல் தரை வரை ஒழுகி ஊறியது போல் ஒரு பழுப்புக் கறை வந்து சேர்ந்தது. தள்ளி நின்று பார்த்தவருக்கு அது இன்னும் பொருத்தமாகப் பட்டது.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர், கையில் ஃபைல்.

"வீட்டைப் பாக்கலாமா?"

"வாங்க சார், வாங்க. உக்காருங்கன்னு சொல்ல நாற்காலிகூட இல்ல. மன்னிச்சுக்கணும்."

"பரவாயில்ல. தண்ணி எப்படி?"

"தண்ணியா சார்? அதுக்கா தோணுனா வரும்."

"அந்தச் செவுரு?"

"மழைன்னா ஒழுகும். வெயில்னா அனல். ராத்திரி எலி. அதுங்க நடமாட்டத்துல என் சம்சாரம் தூங்கியே வருஷக்கணக்காச்சு."

மனைவி கொட்டாவி விட்டுக் காட்டினாள். வந்தவர் முகம் வாடியது.

"இவ்வளவு கஷ்டத்துலயா இங்க இருக்கீங்க?"

"பொண்ணுக்காகத்தான் சார் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கோம்."

அவர் மெக்கானிக்கின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

"பாத்தியா? மனுஷன் அழுதே போயிட்டாரு. எழுதி வச்சுக்கோ, நம்ம பொண்ணுக்குத்தான்."

அந்தச் சந்தோஷம் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் மூச்சிரைக்க மேலே ஏறி வரும் வரை நீடித்தது.

"யோவ் மெக்கானிக்! காலி பண்றதா இருந்தா ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"யார் காலி பண்றா?"

"வாசல்ல சோபா கிடக்கு. சரி, ஆள் கிளம்பிட்டான்னு புரோக்கரைக் கூப்பிட்டு நல்ல குடித்தனமா ஒருத்தரை அனுப்பச் சொன்னா, எலி, ஒழுகலுன்னு சொல்லி விரட்டி விட்டிருக்க! அந்த மனுஷன் என்கிட்ட வந்து, 'அந்தக் குடும்பத்தை இப்படி வச்சிருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே இல்லையா'ன்னு கேட்டுட்டுப் போறான்!" பேசிக்கொண்டே வந்தவர் சுவரைப் பார்த்து நின்றார். "இது என்னய்யா?"

"டீ," என்றார் மெக்கானிக்.

"டீயா?"

"சர்க்கரை போட்டது," என்றாள் மனைவி, "எறும்பு வரும்னு நான் அப்பவே சொன்னேன்." எப்போது சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. வாசலில் இன்னொருவர் நின்றிருந்தார்.

காலில் ஓட்டப்பந்தயக் காலணி, தோளில் துணிப்பை, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த ஒரு பெண்மணி. "அறக்கட்டளையிலேர்ந்து வர்றேன்," என்றார்.

மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்காரர் நகர்வதாகவும் இல்லை.

"முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. அந்தச் சோபாவை எதுக்கு வாசல்ல போட்ட?"

"எந்தச் சோபா?" என்றார் மெக்கானிக், அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்தபடியே. "சோபாவுக்கு நாங்க எங்க போறது?"

"உன்னுது இல்லையா?"

"இல்லவே இல்ல."

"அப்ப நான் எடுத்துக்கவா?"

மனைவியின் பார்வை அவர் முதுகைத் துளைத்தது. "எடுத்துக்குங்க," என்றார் மெக்கானிக்.

வீட்டுக்காரர் கோபமெல்லாம் தீர்ந்து, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். சற்று நேரத்தில், கீழே கனமான ஏதோ ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

அந்த அம்மாள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

"நல்லா சில்லுன்னு இருக்கே?"

இந்த இடத்தில் மெக்கானிக்கின் மூளை வேகமாக வேலை செய்தது.

"மேல்வீட்டுல வாங்கினோம் மேடம். அவங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கு. நல்ல பெரிய ஃப்ரிட்ஜ். அவங்களுக்கென்ன, வசதியானவங்க."

"ஓ! அப்படியா?" அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். "உங்க வீட்டுல?"

"ஃப்ரிட்ஜா! நாங்க கண்ணால பாத்ததுகூட இல்ல மேடம்."

"கடையில பாத்திருக்கோம்," என்று மனைவி திருத்தினாள். அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில்தான் அவளுக்கு நாற்காலி.

"பொண்ணு எங்க உக்காந்து படிக்கிறாங்க?"

"தரையில."

"மேசை?"

"இல்ல."

"மேசை விளக்கு?"

"தெரு விளக்கு ஜன்னல் வழியா வரும் மேடம். அதுலயே சமாளிச்சுக்குவா."

ஒவ்வொரு 'இல்ல'வுக்கும் அந்த அம்மாள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தது. மெக்கானிக் உள்ளுக்குள் உற்சாகமானார். கடைசியில் அந்த அம்மாள் நோட்டை மூடிவிட்டு, பெருமூச்சு விட்டார்.

"எனக்கே கஷ்டமா இருக்கு. உங்க பொண்ணுதான் மார்க்குல முதல். நேர்காணல்லயும் முதல். ஆனா இந்த வீட்டுல இருந்துக்கிட்டு இந்த ஆராய்ச்சியை அவங்க பண்ண முடியாதே!"

"ஏன் மேடம்? எங்க வறுமை பத்தலையா?"

"வறுமையா? உங்க வருமானக் கணக்கே எங்களுக்கு வேண்டாம். இது மார்க்குக்குக் குடுக்கிற பணம். ஒரு வருஷம் தினமும் காலையில ஏரித் தண்ணி எடுத்து, குப்பியில அடைச்சு, வீட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். வாரம் ஒரு தடவை நாங்க வந்து வாங்கிக்குவோம். உக்காந்து குறிப்பெழுத ஒரு மேசை வேணும், நல்ல வெளிச்சம் வேணும். இது மூணும் இருக்கான்னு பாக்கத்தான் வீடு வீடா ஏறி இறங்குறேன்."

மெக்கானிக்கின் கண் தானாக மேல்வீட்டுப் பக்கம் போனது. மனைவிதான் முதலில் வாய் திறந்தாள்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா மேடம்?"

"சொன்னா அக்கம்பக்கத்துலேர்ந்து ஒரு ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டு வந்து வச்சிடுறாங்கம்மா. போன வருஷம் ஒரே ஃப்ரிட்ஜை மூணு வீட்டுல பாத்தேன்."

"மேடம், எங்ககிட்ட ஃப்ரிட்ஜ் இருக்கு!" என்றார் மெக்கானிக்.

"கண்ணால பாத்ததே இல்லைன்னீங்க."

"அது... வரும் மேடம். வந்துடும். மேசை, விளக்கு, எல்லாம் வந்துடும்!"

அந்த அம்மாள் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். வியர்த்து வழியும் நெற்றி, சட்டையெல்லாம் டீக்கறை. ஒரு தகப்பன் என்பதைத் தவிர வேறு எதுவும் அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை.

"சரி. உங்க கல்லூரிக்கு ரெண்டு இடம் ஒதுக்கியிருக்கோம். அதுல ஒண்ணு உங்க பொண்ணுக்குன்னே வச்சுக்குவோம். வாடகைக்கோ தவணைக்கோ, எப்படியாவது ஏற்பாடு பண்ணுங்க. நாளைக்குக் காலையில மறுபடி வர்றேன். இருந்தா கையெழுத்துப் போட்டுடறேன்."

மெக்கானிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு நாள் எதற்கு, அரை மணி நேரம் போதும். இறக்குவது ஏற்றுவதை விடச் சுலபம். கதவை முதலிலேயே கழற்றிவிடலாம். தலைப்பக்கம் பிடிக்க நர்ஸ் இருக்கிறாள், தங்கமான மனுஷி, ஒரு வார்த்தை சொன்னால் போதும். சோபா போனால் போகட்டும்.

"ரொம்ப நன்றி மேடம். பாத்து இறங்குங்க, படி செங்குத்தா இருக்கும்."

"நான் இறங்கல, மேல போகணும்," என்று அந்த அம்மாள் படியில் காலை வைத்தார். "நேத்து அந்த நர்ஸம்மா வீட்டுலயும் இந்த மூணும் இல்ல, பையனுக்காக இதே மாதிரி ஒரு நாள் டைம் குடுத்துட்டு வந்தேன், கெட்டிக்காரங்க, எல்லாம் புதுசா வந்து இறங்கிடுச்சுன்னு காலையிலேயே போன் பண்ணிட்டாங்க!"