உலகப்பேருவும் இரண்டு அழுவாச்சியும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழையும் வரும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

உலக நாடுகள் கூடிப் பேசி முடிவு செய்த ஒன்றை அப்படியே கடைப்பிடித்த ஒரே மனிதர் மறைமலைநகரில், எங்கள் பெயின்ட் கம்பெனியில்தான் இருந்தார். கெமிக்கல் ஷெட்டின் மேஸ்திரி. நாங்கள் வைத்த பெயர் ‘உலகப்பேரு’.

“ஒவ்வொரு கெமிக்கல் சரக்குக்கும் எல்லா நாட்டுக்காரனும் ஒண்ணா குந்தி ஒரே பேரு வெச்சுக்கீறான். ஜப்பான்காரன் ஒத்துக்கினான், ரஷ்யாக்காரன் ஒத்துக்கினான். இங்க ரெண்டு ஷிஃப்டு ஒத்துக்க மாட்டேங்குதே, நைனா!” என்று தலையில் அடித்துக்கொள்வார்.

அவர் சொன்னது நியாயம்தான். நெடி ஏறிக் கண்ணீர் வரவழைக்கும் சரக்குக்கு ‘அழுவாச்சி’ என்று பெயர் வைத்திருந்தோம். காலை ஷிஃப்டுக்கு அழுவாச்சி என்றால் அம்மோனியா. மாலை ஷிஃப்டுக்கு அசிட்டிக் ஆசிட்.

கூட்டாக மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனபோதும் அவர் அடங்கவில்லை. “இன்னாம்மா, பஜ்ஜில சோடியம் பைகார்பனேட் தூக்கலா கீது?” என்றார் கடைக்கார அம்மாவிடம்.

“கண்டதெல்லாம் நாங்க போடறதில்ல, அண்ணாத்த. சோடா உப்பு மட்டுந்தான்!” அந்தம்மா கரண்டியை ஓங்கியபடி சொன்னார்.

ஒருநாள் ஷிஃப்டு மாறும் நேரத்தில் ஒரு கேன் சரிந்து என் கண்ணில் தெறித்தது. உலகப்பேரு என் பிடரியைப் பிடித்துக் குழாயடியில் அமுக்கினார். நான் திமிறியும் விடவில்லை. பிறகு, கூட வேலை பார்த்த மாரி என்னைச் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

“கண்ல என்ன பட்டுச்சு?” என்றார் டாக்டர்.

“அழுவாச்சி சார்,” என்றான் மாரி.

“அப்படின்னா?”

“கண்ல தண்ணியா ஊத்தும் சார்.”

“அதான் தெரியுதே! ஆசிடா, காரமா? பார்வை போயிடும்ப்பா!”

இரண்டு ஷிஃப்டிலும் மாறி மாறி வேலை பார்ப்பவன் மாரி. எந்த அழுவாச்சி என்று அவனுக்கே தெரியவில்லை.

அப்போது காலிக் கேனை நெஞ்சோடு அணைத்தபடி உலகப்பேரு மூச்சிரைக்க உள்ளே வந்தார். “அம்மோனியா சார்! லேபிளப் பாருங்க. எந்த நாட்ல கேட்டாலும் அம்மோனியாதான்!”

டாக்டர் உடனே என் கண்ணை மறுபடி கழுவத் தொடங்கினார்.

நர்ஸ் சீட்டு எழுத என் பெயரைக் கேட்டார். “ஊம,” என்றான் மாரி. நான் அதிகம் பேசாததால் ஷெட்டில் எனக்கு அதுதான் பெயர். நர்ஸ் முறைத்தார். உலகப்பேரு என் பக்கம் திரும்பினார். அவரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டு வந்தார்.

என் காதருகே குனிந்தார். “உன் பேரு இன்னாப்பா?”

“ஏகாம்பரம், அண்ணே.”

பார்வை பிழைத்தது. அன்றிலிருந்து ஷெட்டே அதிர “ஏகாம்பரம்!” என்றுதான் கூப்பிடுவார்.

அவர் ஓய்வு பெற்ற அன்று கம்பெனி பஸ்ஸில் ஏறப்போனவரிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். “அண்ணே, உங்க நெஜப் பேரு?”

“வுடுப்பா, உலகப்பேருன்னே இருக்கட்டும். ரெண்டு ஷிஃப்டும் ஒத்துக்கின ஒரே பேரு அதான்.”

பஸ் கிளம்பியது. பக்கத்தில் எந்தக் கேனும் இல்லை. ஆனாலும் என் கண் நிறைந்துவிட்டது.

எழுதி முடித்தது: ஆடிக் கிருத்திகை அன்று மாலை.