மார்சிலிங்கில் ஒரு கற்காலத் தெரு

மண்வெட்டி இறங்கிய இடத்தில் 'மளுக்' என்று சத்தம் கேட்டது. அசோக் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குனிந்தான்.

"போச்சு! பானை போச்சு!"

சிங்கப்பூரின் மார்சிலிங் சமூக மன்றத்துக்குப் பின்னால் மணல் கொட்டிய பெரிய குழி. 'கற்காலக் குடியிருப்பு: அகழாய்வுத் திருவிழா' என்று பலகையும் மாட்டியாயிற்று. அதில் புதைத்திருந்த ஓவியப் பானையை மாலையில் பேராசிரியர் உமாமகேஸ்வரி தோண்டி எடுக்க, கூட்டம் கைதட்ட வேண்டும். தட்டினால் அசோக்குக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் இந்த மாதத்தோடு டாட்டா. மேனேஜர் ரகுபதி அப்படித்தான் சொல்லியிருந்தார். மழையில் பானை நகர்ந்திருக்குமோ என்று தோண்டிப் பார்க்கப் போய்த்தான் இந்தக் கூத்து.

"சூப்பர் குளூ இருக்கு, ஒட்டிடலாம்" என்றாள் உடன் வேலை பார்க்கும் ரஞ்சிதம்.

ஒட்டியது. பானை அல்ல, ஒரு சில்லு மட்டும், அசோக்கின் கட்டைவிரலில். இழுத்தால் விரலும் சேர்ந்து வந்தது.

"விடு லா! தேக்கா மார்க்கெட்ல பொங்கல் பானை மிச்சம் இருக்கும். ஓடு!"

தேக்கா கடைக்காரர் அவன் விரலைத்தான் முதலில் பார்த்தார். "என் கடையில எதை உடைச்சீங்க தம்பி?"

"ஐயோ அண்ணே, இது மார்சிலிங்ல உடைச்சது!"

வாங்கி வந்த பானையில் கரும்பு வரைந்திருந்தது. அதை ஷூ பாலிஷால் மறைத்து, மேலே ஒரு மான் வரைந்தான். மான், ஆடாக வந்தது. கற்காலத்தில் ஆடும் இருந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு புதைத்துவிட்டான்.

பேராசிரியர் வந்து இறங்கினார். ஒரே ஒரு ஓவியப் பானையைக் கண்டெடுத்து உலகப் புகழ் பெற்றவர். பின்னால் பெரிய பையோடு அவருடைய உதவியாளர் கதிரேசன். அசோக்குடன் கைகுலுக்கிய பேராசிரியர் திடுக்கிட்டார்.

"என்னது குத்துது?"

"பா... பானை ஓடு மேடம்."

"கையிலேயே வெச்சிருக்கீங்களா? இதுதான் ஈடுபாடு!"

ரகுபதியின் முகத்தில் சந்தேகம்.

"எல்லாரும் டீ குடிச்சிட்டு வாங்க. அதுக்குள்ள நான் மண்ணைக் கொஞ்சம் படிச்சிடறேன்" என்றார் பேராசிரியர்.

டீக்குப் பிறகு கூட்டம் குழியைச் சூழ்ந்தது. பேராசிரியர் தூரிகையால் மணலைத் தள்ளினார். அசோக்கின் பானை எட்டிப் பார்த்தது. பாவி, விலைச்சீட்டைக் கிழிக்கவில்லை! அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். திறந்தபோது சீட்டைக் காணோம்.

"ஆடு! ஆடு வளர்த்த ஜனங்க!" என்று பேராசிரியர் பானையை உயர்த்தினார். கைதட்டல்.

அசோக் மூச்சுவிடுவதற்குள் இன்னொரு பானை வந்தது. மீன் ஓவியம்.

"நீ லேட்டா வருவியோன்னு பயந்துட்டு நானும் ஒன்னு புதைச்சேன்" என்று ரஞ்சிதம் காதைக் கடித்தாள்.

"மீனும் பிடிச்சிருக்காங்க!"

மூன்றாவது பானை. மாடு.

"உன்னை நம்பி விட்டுடுவேனா? அது என்னோடது லா" என்று பல்லைக் கடித்தார் ரகுபதி.

நாலாவது பானை வந்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்து, 'நான் இல்லை' என்று தலையசைத்தார்கள். செம்மண் நிறம், மங்கிய கறுப்புக் கோடுகள், விளிம்பில் தேய்மானம். பார்த்தாலே பல்லாயிரம் ஆண்டு தெரிந்தது. அசோக்குக்குப் புல்லரித்தது.

"இது வீடு இல்ல, ஒரு தெருவே இருந்திருக்கு!" என்று பேராசிரியர் கூவ, கூட்டம் ஆரவாரம் செய்தது. ரகுபதி அசோக்கின் முதுகில் தட்டி, "நாளைக்கு வந்து கையெழுத்துப் போடு. பெர்மனன்ட்" என்றார்.

அசோக்குக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. நிஜக் கற்காலத்தின் மேல் மண்வெட்டியைப் போட்டுவிட்டோமே என்று பதறி, கதிரேசனிடம் ஓடினான்.

"அண்ணே, அந்த நாலாவது பானை நிஜம்தானே? உடனே மியூசியத்துக்குச் சொல்லணுமா?"

கதிரேசன் பையைக் கவிழ்த்து உள்ளே ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டினார்.

"அட நீங்க வேற தம்பி, அது நாங்க கொண்டாந்தது. மேடம் எங்க தோண்டினாலும் முன்னாடியே ஒன்னு வெச்சிடுவோம். உலகமே கொண்டாடுச்சே ஒரு பானை, அதைப் புதைச்சதே நான்தான்!"